மேலிடம் முதலில்

ஆபேலை யாரோ வெட்டிக் கொன்ற நேரத்தில் என் அண்ணன் பிபின், ஜக்கரியாவின் வாயில் குத்திக்கொண்டிருந்தான். அவன் குற்றமற்றவன் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் இதுதான்.

கடியப்பட்டணத்துக்கும் முட்டத்துக்கும் நடுவில் எங்கள் கரை. அங்கே வலை போடுவதில் இரண்டு கூட்டத்துக்குத் தகராறு. வாயில் தொடங்கியது, துடுப்புக்குப் போய், ஒரு மத்தியானம் அரிவாளில் முடிந்தது. ஆபேல் தன் வள்ளத்தின் பக்கத்திலேயே விழுந்தார். கழுத்து பாதிதான் மிச்சம் இருந்தது என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். போலீஸ் வந்து, ஓடியவர்களை விட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்தவர்களை வேனில் அள்ளியது. பிபின் அப்போதுதான் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து, என்ன கூட்டம் என்று பார்க்க நின்றிருந்தான். அவன் சட்டையில் ரத்தம் இருந்தது. ஜக்கரியாவின் ரத்தம். அதைச் சொன்னதற்கு ஸ்டேஷனில் அவன் இடது கை விரல்களிடம் தனித்தனியாக விசாரணை நடந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது.

கம்பி வலைக்கு அப்பால் நின்று அவன் என்னிடம் சொன்னான்: "ஏட்டி, நான் அடிச்சேன்னு நானே ஒத்துக்கிடுகேன். வேற ஒருத்தன அடிச்சேன்னு சொல்லுகேன். அதுக்கும் அடிக்கானுவ."

துறைமுகத்து ஏலக்கூடத்தில் அன்றைக்கு ஒரு கூடை நெய்மீனுக்கு வியாபாரி ஜக்கரியா கேட்ட விலையைக் கேட்டு பிபின் சிரித்திருக்கிறான். ஜக்கரியா எங்கள் அம்மையைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். ஒரே குத்து. முன்பல் இரண்டும் ஐஸ் பெட்டிக்குள் விழுந்தன. ஏலக்கூடத்து உத்திரத்தில் ஒரு கேமரா உண்டு. அது இரவும் பகலும் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கேமரா என் அலுவலகத்துக்குச் சொந்தம்.

கடலோரப் பதிவுகள் பேணுகை ஆணையம், துறைமுகக் கிளை. அங்கே நான் ஒப்பந்தக் கணினி ஆள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கணினியில் மேற்படிப்பும் படித்தேன். அதற்குப் பரிசாக ஆணையம் எனக்கு ஒரு நாற்காலி தந்தது. அதற்கு ஒரு கால் கிடையாது. அந்த மூலையில் செங்கல் வைத்திருந்தோம்.

கிளையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: 'பதிவில் இருப்பது நடந்தது. பதிவில் இல்லாதது நடக்கவில்லை.' தினமும் காலையில் அதன் கீழே நின்று எல்லோரும் அதைச் சொல்ல வேண்டும். காப்பு அதிகாரி தாணுமூர்த்தி முதலில் சொல்வார், நாங்கள் பின்னால் சொல்வோம். சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பதிவுகளை யாரும் பார்க்கக் கூடாது. யாரும் எடுக்கவும் கூடாது. முன்பு தலைமையகத்தில் ஒருவர் பென்டிரைவில் சினிமா கொண்டுவந்து போட்டு, அதனோடு வைரஸும் வந்து, அலுவலகமே படுத்துவிட்டதாம். அதிலிருந்து எல்லாக் கணினிகளின் துளைகளையும் பைப் அடைக்கிற பசையால் அடைத்துவிடும்படி உத்தரவு. எங்கள் கிளையில் பசை வைக்க வந்த ஆள் கடமை தவறாதவன். மவுஸைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையையும் அடைத்தான். கீபோர்டைப் பிடுங்க மறந்துபோய், அதைச் சேர்த்தே ஒட்டிவிட்டான். ஆகவே எங்கள் கணினியில் எதையும் தொட்டுத் திறக்க முடியாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டெழுதினால் மட்டுமே வேலை நடக்கும். இதை ஆண்டறிக்கையில் 'மிக உயர்ந்த பாதுகாப்பு' என்று எழுதினார்கள். பாதுகாப்புப் பயிற்சிக்கு என்று ஊழியர்கள் எல்லோரையும் வட்டக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டுபோய், கோட்டை மதிலில் ஏற்றி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பயிற்சி முடிந்தது.

எங்கள் வக்கீல் சுல்ஃபியா, கோட்டாறு. அவள் கோர்ட்டில் போராடி ஓர் உத்தரவு வாங்கினாள்: அந்த நாளின் பதிவைத் தலைமையகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து சான்றிட்ட நகலைத் தாக்கல் செய்ய வேண்டும். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கணினியில் ஒரு பழக்கம் உண்டு. மாதம் முடிந்தால் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதத் தொடங்கிவிடும். மாதம் முடியப்போகிறது.

தாணுமூர்த்தியிடம் போனேன்.

"சார், ஆர்சிங்க்னு ஒண்ணு இருக்கு. ஒரே வரிதான். இங்க உள்ளத அப்படியே கம்பி வழியா தலைமையகத்துக்குக் கொண்டு சேர்க்கும். நடுவுல அறுந்தாலும் விட்ட இடத்துல இருந்து புடிச்சிக்கிடும். பைசா செலவு இல்ல."

"செலவே இல்லையா?" என்று அவர் சந்தேகமாகப் பார்த்தார். "செலவு இல்லாத திட்டத்துக்கு எப்படிம்மா விழா நடத்துறது?"

இருந்தாலும் ஒத்துக்கொண்டார். ஆண்டு விழா நெருங்கியிருந்தது. மேலிடத்தில் காட்ட அவருக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. 'தொலைதூரக் காப்புப் பெருந்திட்டம்' என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதற்கு மட்டும் இரண்டு கூட்டம்.

அடுத்தது கடவுச்சொல். பாதுகாப்புக்காக அதை இரண்டாக வெட்டி, முதல் பாதியைக் கண்காணிப்பாளர் லீலாபாயிடமும் இரண்டாம் பாதியை அதிகாரியிடமும் கொடுத்திருந்தார்கள். இருவருக்கும் பேச்சு கிடையாது. முதல் பாதி தன்னிடம் இருப்பதால் தானே மூத்தவள் என்று லீலாபாய் சொன்னார். முடித்துவைப்பவன்தான் மூத்தவன் என்று தாணுமூர்த்தி சொன்னார். இதில் ஒரு நாள் ரூல்தடியும் காகித வெயிட்டும் பறந்து, வெயிட் லீலாபாயின் நெற்றியில் பட்டு மூன்று தையல். பதிவில் இல்லாததால் அதுவும் நடக்கவில்லை.

"அவன் மூஞ்சிய ஒரு நாள் நான் சாளை மீன அறுக்கதுபோல அறுப்பேன், கேட்டியா," என்று லீலாபாய் நெற்றியில் கட்டோடு என்னிடம் சொன்னார். குரலில் கோபமே இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

நான் கட்டளையை எழுதி அதிகாரி மேசையில் வைத்தேன். ஒரு வரி. முதலில் எங்கள் கிளையின் பெயர், பின்னால் தலைமையகத்தின் பெயர். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"இதென்ன, கிளையை முதலில் எழுதியிருக்க?"

"அப்படித்தான் சார். எங்க இருந்து எடுக்கணுமோ அது முதல்ல. எங்க கொண்டு வைக்கணுமோ அது பின்னால."

"தலைமையகத்தைப் பின்னால எழுதுறதா?" அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஏம்மா, நான் இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கடிதத்தில்கூட மேலிடத்தைக் கீழே எழுதினதில்லை. விழா அழைப்பிதழைப் பாரு, கல்வெட்டைப் பாரு. மேலிடம் முதலில். அப்புறம்தான் நாம."

"இது கடுதாசி இல்ல சார். வழி சொல்லுகோம். மாத்தி எழுதினா அங்க இருக்கது இங்க வந்துரும். அங்க புது மெஷின், உள்ளுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த வெறும இங்க வந்து நிக்கும்."

"தலைமையகத்தில் ஒன்றும் இல்லை என்கிறாயா?"

"புதுப் பெட்டி சார். இன்னும் எதுவும் வைக்கல்ல."

"தலைமையகம் வெறுமையானது என்று ஓர் ஒப்பந்த ஊழியர் சொல்கிறார்," என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொடுப்பதுபோல மெதுவாகச் சொன்னார். அறையில் யாரும் இல்லை. பிறகு எனக்கு விளக்கினார். குரல் மிகவும் கனிவாக இருந்தது. "அதிகாரம் மேலேயிருந்து கீழே வரும். நிதி மேலேயிருந்து கீழே வரும். திட்டும் மேலேயிருந்து கீழேதான் வரும். கீழேயிருந்து மேலே போவது மனு மட்டும். மனு எங்கேயாவது போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா? அப்புறம் பதிவு மட்டும் எப்படிம்மா போய்ச் சேரும்?"

சிவப்புப் பேனாவால் ஒரு வளைவு போட்டு, இரண்டு பெயரையும் இடம் மாற்றினார். அதோடு நிற்கவில்லை. இரண்டு பக்கமும் துளி வித்தியாசம் இருந்தாலும் தணிக்கையில் கேள்வி வரும் என்று, வரியின் நடுவில் 'டிலீட்' என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னார். முதலில் எழுதிய இடத்தில் இல்லாத எதுவும் இரண்டாவது இடத்தில் மிச்சம் இருக்கக் கூடாது என்று அதற்குப் பொருள். இதை யாரிடமோ போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். தவறாகத் தெரிந்துகொள்ளவில்லை, அதுதான் ஆபத்து. ஒரு வெட்டரிவாளின் கூர்மையை முழுதாகத் தெரிந்துகொண்டு, பிடிப்பது எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாத ஆள்.

"ஒரு ஒத்திகை பாப்போம் சார். எதையும் தொடாம, என்னவெல்லாம் நடக்கும்னு மட்டும் காட்டும்."

"ஒத்திகை பார்த்தால் நமக்கு நம்பிக்கை இல்லை என்று மேலிடம் நினைக்கும்."

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. தலைமையகத்தை இழிவுபடுத்தியது, எழுத்து வரிசையில் மேலிடத்தை அவமதித்தது, அதிகாரியின் முன்னால் உண்மையை உரக்கச் சொன்னது. மூன்றாவது குற்றச்சாட்டு டைப் அடிக்கும்போது நேர்ந்த பிழை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் திருத்தவில்லை.

நான் தேங்காப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன். ஜக்கரியா சாட்சி சொன்னால் போதும், பதிவே வேண்டாம். அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, முன்பல் இல்லாத வாயால் டீயில் ரஸ்க்கை முக்கிச் சப்பிக்கொண்டிருந்தார்.

"காக்கா, எங்க அண்ணன் உங்கள அடிச்சான்னு கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"அடிச்சானா? ஆரு சொன்னது? நான் ஐஸ்ல வழுக்கி விழுந்ததாக்கும் மோளே."

"கூடம் நெறைய ஆளு பாத்தாவ."

"பாத்தவனுக்குப் பல்லு போகல்ல. எனக்குப் போச்சு. நான் சொல்லுகதுதான் கணக்கு." அவர் ரஸ்க்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலத்துல அடி வாங்கினவன்னு பேரு வந்தா, நாளைக்கு நான் விலை கேட்டா எவன் நிப்பான்? சின்னப் பயலுவகூட கைய ஓங்கிட்டு வருவானுவ. உன் அண்ணனுக்குக் கை பலம் உண்டு, அத நான் ஒத்துக்கிடுகேன். வெளிய சொல்ல மாட்டேன்."

வரும் வழியெல்லாம் இன்னொரு குத்து விட்டிருக்கலாம் என்று தோன்றியது. பேசும் பல்லும் போயிருக்கும், அப்புறம் பொய்யும் சொல்ல முடியாது.

விழா ஏலக்கூடத்திலேயே நடந்தது. சென்னையிலிருந்து இணை ஆணையர் வந்திருந்தார். மீன்கூடைகளை ஒதுக்கி, ரத்தமும் செதிலும் கிடந்த தரையைப் பினாயில் விட்டுக் கழுவி, மேலே சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். கம்பளத்தையும் மீறி நாறியது. கிளைக் கணினியை மேடைக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் வாழைக்குலை கட்டி, கீபோர்டில் சந்தனம் தெளித்து, அதன் முன்னால் ஓர் இலை போட்டுத் தேங்காய் பழம் வைத்தார்கள். பின்னால் பெரிய பிளெக்ஸ். அதில் கட்டளையையே அச்சடித்திருந்தார்கள், தலைமையகம் முதலில், கிளை பின்னால், நடுவில் டிலீட். இரண்டு ஓரத்திலும் இணை ஆணையரும் தாணுமூர்த்தியும் கைகூப்பி நின்றார்கள். கொலைக்கருவியை முன்கூட்டியே பிளெக்ஸ் அடித்து வைத்த ஒரே இடம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

தாணுமூர்த்தி பேசினார்.

"இன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்தப் போகிறோம். அழுத்திய பிறகு இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றாகிவிடும். இங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒரு நாளும் முயன்றதில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பார்ப்பவன் காவல்காரன் அல்ல. பார்க்காமல் காப்பவனே காவல்காரன்."

கைதட்டினார்கள். இணை ஆணையர் தலையாட்டினார்.

லீலாபாய் வந்து முதல் பாதியைத் தட்டினார். தட்டும்போது யாரும் பார்க்காதபடி முந்தானையால் மறைத்துக்கொண்டார். தாணுமூர்த்தி இரண்டாம் பாதியைத் தட்டினார். பிறகு பிளெக்ஸைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகக் கட்டளையை அடித்தார். கடைசி எழுத்து விழுந்தது. இனி ஒரு பொத்தான்.

என் வேலை, விருதுக் கேடயத்தைத் தட்டில் ஏந்தி மேடை ஓரத்தில் நிற்பது. நங்கூர வடிவத்தில், தேக்கு மரத்தில், பித்தளைப் பட்டை அடித்தது. நல்ல கனம்.

நான் நடந்துபோய்க் கணினிக்கு முன்னால் நின்றேன். "சார், அமுக்காதீங்க. எங்க அண்ணன் இதுக்குள்ளயாக்கும் இருக்கான். அமுக்கினா அவன் போச்சு. பேர மாத்துங்க, அப்புறம் நூறு தடவ அமுக்குங்க."

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. தாணுமூர்த்தி சிரித்த முகத்தை மாற்றாமல், பல்லுக்கு இடையில் சொன்னார்: "தள்ளும்மா. உன் அண்ணன் பதிவில் இருந்தால்தானே இருக்கிறான்."

தட்டு கீழே விழுந்தது. நங்கூரம் என் கையில் இருந்தது. அது அவர் மூக்கில் இறங்கிய சத்தம் மைக்கில் கேட்டது. காய்ந்த தேங்காயைச் செங்கலில் மோதுகிற சத்தம். அவர் இலையில் கால் வைத்துச் சறுக்கி உட்கார்ந்தார். ரத்தம் வாழைப்பழத்தில் சொட்டியது. இரண்டு காவலாளிகள் என் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். ஒருவன் என் முழங்கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். நான் இன்னொருவனின் புறங்கையைக் கடித்தேன். பினாயில் வாசம். அவன் என் வாயில் அறைந்தான், உதடு கிழிந்தது. கூட்டத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துவிட்டார்கள்.

தாணுமூர்த்தி எழுந்தார். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, சந்தனமும் ரத்தமுமான விரலால், கடமையை முடித்தார்.

பெரிய திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. 'அழிக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல், பக்கத்தில் ஒரு தேதி. அழிக்கிறது, தேதி. அழிக்கிறது, தேதி. கீழேயிருந்து மேலே வேகமாக ஓடியது. அவ்வளவு வேகத்தில் வேலை நடப்பதை அந்த அலுவலகத்தில் யாரும் கண்டதில்லை. கைதட்டல் வெடித்தது. இணை ஆணையர் எழுந்து நின்று தட்டினார். ஆபேல் செத்த தேதி திரையின் கீழே முளைத்து, மேலே ஏறி, போய்விட்டது. கடைசியாக அன்றைய தேதியும் ஓடியது. என் அடியும் அதோடு போயிற்று.

கை இரண்டும் பிடியில் இருந்தன. கால் இருந்தது. மேடை ஓரத்துப் பிளக்கை ஓர் உதையில் பிடுங்கினேன். கணினியும் திரையும் சேர்ந்தே அணைந்தன. அழித்தது உடனே செத்துவிடாது. அதன்மேல் புதிதாக எதையும் எழுதாதவரை கணினியின் வட்டுக்குள் மூச்சை அடக்கிக் கிடக்கும். கல்லூரியில் படித்த பாடங்களில் எனக்கு வேலைக்கு உதவியது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் அறிக்கை வந்தது: 'தலைமையகக் கணினியும் கிளைக் கணினியும் ஒப்பிடப்பட்டன. இரண்டுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. திட்டம் முழு வெற்றி.' புதிதாக ஏதாவது பதிவானால் வித்தியாசம் வந்துவிடும் என்பதால் கேமராவை நிறுத்த உத்தரவு. கிளைக் கணினியை யாரும் இயக்கிவிடாமல் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டினார்கள். பிணத்தை ஐஸில் வைத்ததுபோல, அவர்கள் அறியாமலே, என் அண்ணனைப் பத்திரப்படுத்தினார்கள்.

சுல்ஃபியா கோர்ட்டில் அந்தக் கணினியை மீட்டெடுக்க அனுப்பக் கேட்டாள். ஆணையம் பதில் தந்தது: இழப்பு எதுவும் இல்லை, ஆகவே மீட்க எதுவும் இல்லை. குறிப்பிட்ட நாளின் பதிவு எதுவும் இல்லை, ஆகவே அன்று ஏலக்கூடத்தில் எதுவும் நடக்கவில்லை. பிபினுக்கு ஜாமீன் மறுத்தார்கள். அன்றைக்கு என் அம்மை ரீத்தா கோர்ட் வாசலில் தலையைச் சுவரில் முட்டினாள். ஒரு தடவை இல்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. நானும் சுல்ஃபியாவும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை.

என்னைக் கைது செய்வார்கள் என்று வாயில் கட்டோடு வீட்டில் காத்திருந்தேன். வரவில்லை. லீலாபாய் போனில் விஷயத்தைச் சொன்னார்.

"ஏட்டி, அவன் வழுக்கி விழுந்ததா எழுதிக் குடுத்திருக்கான்."

"எதுல?"

"வாழ இலையில."

நான் யோசித்தேன். அடி வாங்கியதாக அவர் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் பீரோவுக்குள் அழிந்து கிடக்கிறது. அழிந்தது என்று சொன்னால் திட்டம் வெற்றி இல்லை. ஆகவே மூக்கு தானாக உடைந்தது. இந்த மாவட்டத்தில் என் குடும்பம் அடித்த ஆண்கள் எல்லோரும் வழுக்கித்தான் விழுந்திருந்தார்கள்.

என் மேல் கேஸ் விழுந்தால் அந்தப் பீரோவைத் திறந்தே ஆக வேண்டும். நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். பிபினின் விரல்களை விசாரித்த அதே இன்ஸ்பெக்டர்.

"சார், நான் ஒரு அரசு அதிகாரிய, வேலை செய்துட்டு இருக்கும்போது, மண்டையில அடிச்சேன். கைது செய்யுங்க."

"மூக்குன்னு கேள்விப்பட்டேன்."

"குறி வச்சது மண்டைக்கு."

அவர் சிரித்தார். "அடி வாங்கினவரு இல்லங்காரு. அடி வாங்கினவன் இல்லாத அடிக்கு நான் எப்படி கேஸ் போட? உங்க வீட்டுல எல்லாருக்கும் இதே சீக்கா? உங்க அண்ணனும் அடிச்சேன் அடிச்சேன்னுதான் அழுதான்."

"அவனுக்கு ரெண்டு விரல ஒடிச்சீங்க. எனக்கு ஒரு கேசு போட மாட்டீங்களா?"

போடவில்லை. வெளியே தள்ளினார்கள், முழங்காலில் சிராய்ப்பு. சுல்ஃபியா அதையே மனுவாக எழுதினாள். குற்றம் செய்த பெண், தன்னைக் கைது செய்ய மறுக்கும் போலீஸின் மேல் தொடுத்த வழக்கு. நீதிபதி இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாணுமூர்த்தியைக் கூண்டில் ஏற்றினார்.

"மூக்கில் என்ன?"

"வழுக்கி விழுந்தேன், அம்மா."

"எப்படி விழுந்தீர்கள்? குப்புறவா, மல்லாந்தா?"

"மல்லாந்து."

"மல்லாந்து விழுந்து மூக்கு உடைந்ததா?"

"உத்தரவாகவே எழுதியிருக்கிறோம், அம்மா," என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதியதை உண்மையாகவே நம்பிவிட்டிருந்தார்.

அடுத்து லீலாபாய் ஏறினார். நெற்றியில் தையல் தழும்பு. அதை மறைக்காமல் முடியை இழுத்துச் சீவியிருந்தார். அவர் தாணுமூர்த்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ரெண்டடி தூரத்துல நின்னேன் அம்மா. அடிச்சா. நல்ல வாக்கான அடி. கேமரா நேர மேல இருந்துது. பொத்தான் அமுக்குனதுல அது அழிஞ்சு போச்சு, அன்னைக்கு வரைக்கும் உள்ளது எல்லாம் அழிஞ்சு போச்சு. கைதட்டும்போது நானும் சேந்துதான் தட்டினேன். நான் தட்டினது அடிக்கு."

கடமையில் இருந்த அரசு ஊழியரை மேடையில் தாக்கிய பெருங்குற்றம், ஆதாரம் அழிந்த நிலையில். நீதிபதிக்கு வேறு வழி இல்லை. அரக்கை உடைத்து, வட்டை மீட்புக்கு அனுப்ப உத்தரவிட்டார். ஒரு மீனவப் பையனின் உயிருக்குத் திறக்காத பீரோ, ஓர் அதிகாரியின் மூக்குக்குத் திறந்தது.

மீண்டதைக் கோர்ட்டில் போட்டார்கள். ஏலக்கூடம், திரையின் மேல் மூலையில் ஓடிய கடிகாரத்தில் ஆபேல் விழுந்த அதே நேரம். பிபினின் கை போய் வந்தது. ஜக்கரியாவைச் சம்மன் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். தன் பற்கள் ஐஸ் பெட்டிக்குள் பறப்பதை அவர் கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தார். "ரெண்டும் ஒரே அடியிலயா போச்சு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். பிறகு என் பதிவைப் போட்டார்கள். அது பிபினுடையதைவிடத் தெளிவாக இருந்தது.

அண்ணனை விடுவித்த அன்றே என்னை உள்ளே அனுப்பினார்கள். கோர்ட் வராந்தாவில் எதிரும் புதிருமாக வந்தோம். அவன் மடங்காத இரண்டு விரலால் என் உதட்டுத் தழும்பைத் தொட்டான்.

"ஒரு அடிதானா?"

"ரெண்டாவதுக்குக் கை ஓங்கினேன். அதுக்குள்ள முடியப் புடிச்சிட்டானுவ."

"முடிய வெட்டிட்டுப் போயிருக்கணும், ஏட்டி."

அம்மை சோற்றுப் பொதியோடு நின்றாள். இத்தனை நாளும் அவனுக்குக் கொண்டுபோனது, அன்றைக்கும் அதே பொதி, அதே சாளைக் குழம்பு. பிபினிடமிருந்து திரும்பி என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டில் முன்பு ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை வெளியே. இப்போதும் ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை வெளியே. ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் எதுவும் இல்லை. தாணுமூர்த்திக்கு வேண்டுமானால் இதற்கும் ஒரு கேடயம் கொடுக்கலாம். என்னைக் கூப்பிட்டால் நானே தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வருகிறேன்.